எழுத்துப் போட்ட பாடமும் எடுத்துப் போட்ட மீசையும்

நாசிரியா,
செவ்வாய்க்கிழமை

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய ஸர்மத் அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பாலைவன எண்ணெய் முகாமின் வாசலிலேயே போனைப் பறிகொடுத்துவிட்டு உள்ளே போன என் அண்ணனுக்கும் ஏனைய பெருமக்களுக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவித்துக்கொள்வது யாதெனில்: நம் தெரு இயற்பியல் ஆசிரியர் உஸ்தாத் ஜவ்தத் அவர்களின் மேலுதட்டில் நெடுங்காலம் புகழோடு வாழ்ந்துவந்த மீசை, நீ குளிர்கால விடுப்பு முடிந்து போன மறுவாரம், கடைத்தெரு சலூனில் காலமானது. எஞ்சியதை சலூன்காரர் விளக்குமாற்றால் கூட்டி நல்லடக்கம் செய்தார். அறிவிப்பு தாமதமானதற்கு மன்னிக்கவும். இது சிறிய செய்திதானே என்று இத்தனை நாள் விட்டுவிட்டேன்.

அது என்ன மீசை என்று உனக்குத் தெரியும். அதைத் தொட்டு அவர் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு வீட்டுச் சண்டை அடங்கும். அதனால் தெருவே பதறியது. யாரோ இறந்துவிட்டார்கள் என்றது ஒரு கூட்டம், பந்தயத்தில் தோற்றுவிட்டார் என்றது இன்னொரு கூட்டம். அன்று மாலை அவரே தன் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவர் மனைவி திறந்து பார்த்துவிட்டு, "உஸ்தாத் வீட்ல இல்லீங்க, அப்புறம் வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாராம். வேண்டுமென்றேதான் செய்தார் என்று நினைக்கிறேன். அந்த அம்மா என் கட்சி.

மீசை போன காரணம் நம் ரஃபல் அக்கா.

போன ஆண்டு அக்கா இயற்பியலில் மட்டும் தோற்றாள் அல்லவா. அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளே, நீயும் நானும் கதவைத் தட்டிக்கொண்டே நின்றோமே, தட்டுவது அவளுக்குக் கேட்காது என்பதே நமக்கு வெகுநேரம் கழித்துத்தானே உறைத்தது. இந்த ஆண்டு அவள் உஸ்தாத் போனில் எடுத்துப் போடும் பாட வீடியோக்களை நம்பியிருந்தாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் தேறுகிறார்கள். அக்கா ஒரு வாரம் பார்த்துவிட்டு போனை என் மடியில் போட்டாள். "உதடு தெரியல. புதருக்குள்ள யாரோ ஒளிஞ்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு" என்று கையால் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நேராகப் போய் உஸ்தாத்திடம் அதை அப்படியே சொன்னேன். புதர் உட்பட. அடி விழும் என்று ஒரு காலை வாசலுக்கு வெளியேதான் வைத்திருந்தேன். அவர் மீசையைத் தடவினார். "பொண்ணு என் உதட்டையா படிக்குது?" என்று கேட்டார். மறுநாள் சலூன்.

மீசை போனதோடு முடியவில்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பார், முகம் கரிக்கட்டை மாதிரி தெரியும். திருப்பி நிறுத்தினேன். பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். "உஸ்தாத், பலகைக்குப் பாடம் நல்லாப் புரிஞ்சிடுச்சு, இப்ப எங்களுக்குச் சொல்லுங்க" என்றேன். சுண்ணக்கட்டி பறந்து வந்தது, விலகிக்கொண்டேன். தக்காளிப் பெட்டிகளை அடுக்கி மேலே போனைக் கட்டி வைப்பது நான்தான். அப்புறம் யக்தான் வந்தான். பக்கத்துத் தெருப் பையன், அரையும் குறையுமாகத்தான் கண் தெரியும், பாடத்தைக் காதால் மட்டும் கேட்பவன். "உஸ்தாத் 'இதை எடுத்து இங்க போடு'ங்கறார். எதை எடுத்து எங்கடா போடறது? நான் சட்டையை எடுத்துக் கொடியில போட்டுட்டேன்" என்றான். அன்றிலிருந்து உஸ்தாத் வரைவதையெல்லாம் வாயாலும் சொல்லியாக வேண்டும். மறந்தால் நான் பின்னாலிருந்து இருமுவேன். முதல் மாதம் எனக்குக் காசநோய் என்று அம்மா பயந்துவிட்டாள்.

சப்டைட்டில் போடுவது முழுக்க என் வேலை. உஸ்தாத் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நிறுத்தி, வரி வரியாக எழுதி, படத்துக்கு அடியில் ஒட்டுவேன். இயந்திரமே எழுதித் தருமாம், ஆனால் அதற்கு நம் நாசிரியாப் பேச்சு வராது. எனக்கு வேறு எதுவும் வராது. வெறும் பாடம் எழுதினால் கை வலிக்கும் என்று நடுவில் என் சரக்கும் சேர்ப்பேன். உஸ்தாத் தும்மினால் "உஸ்தாத் தும்முகிறார், பூமியின் ஈர்ப்பு விசை மாறவில்லை" என்று எழுதுவேன். ஜெனரேட்டர் நின்றால் "ஜெனரேட்டர் தன் பாடத்தை முடித்துக்கொண்டது". சேவல் கூவினால் அதுவும் உண்டு. கியா வேனில் நசுங்கிக்கொண்டு போகிற பையன்கள், காது நன்றாகக் கேட்கிற தடியன்கள், சத்தத்தை அணைத்துவிட்டு என் எழுத்தை மட்டும் படித்துச் சிரிக்கிறார்களாம்.

ஒருநாள் கேஸ் சிலிண்டர் வண்டி தெருவில் போனது பாடத்துக்குள் விழுந்துவிட்டது. "கேஸ் வண்டியின் பாட்டு" என்று போட்டேன். அக்கா வீடியோவை நிறுத்தினாள். "கேஸ் வண்டி பாடுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "தினமுமா?" தினமும். "என்கிட்ட யாரும் சொல்லவே இல்லயே" என்றாள். அண்ணா, பத்தொன்பது வயது. நான்கு வயதில் காய்ச்சல் வந்து காது போனது முதல் அந்த வண்டி தினமும் நம் வாசலில் பாடிக்கொண்டுதான் போகிறது. எல்லாச் சத்தத்தையும் எழுது, ஒன்றையும் விடாதே என்றாள். நான் விடுவதில்லை.

மின்தேக்கி, மின்னூட்டம் இதற்கெல்லாம் கைச்சாடை எங்களுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. காது கேளாதோர் பள்ளி ஆறாம் வகுப்போடு கையை விரித்துவிடுகிறது. அதனால் நாங்களே உண்டாக்கினோம். இரண்டு உள்ளங்கைகளையும் தொடாமல் எதிரெதிரே பிடித்தால் மின்தேக்கி. விரல்களைக் கொக்கி மாதிரி ஒன்றில் ஒன்று மாட்டினால் தொடர் இணைப்பு. இரண்டு விரலைச் சேர்த்து நிறுத்தினால் பக்க இணைப்பு. ஆளுக்கும் சாடைப் பெயர் உண்டு. உஸ்தாத்துக்கு மேலுதட்டில் ஒரு விரல், மீசை போன பிறகும் அதுதான். எனக்கு அக்கா சின்ன வயதில் வைத்தது இரண்டு கன்னத்திலும் மூன்று மூன்று கோடு, பூனை மீசை. லைத் என்றால் சிங்கம், நீ சிங்கத்துக்குப் பூனை மீசை வைக்கலாமா என்று வழக்குப் போட்டிருக்கிறேன். "சிங்கம் மாதிரி எதாவது பண்ணு, மாத்தறேன்" என்று தீர்ப்பு நிலுவையில் இருக்கிறது.

சரி. சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை இயற்பியல் தேர்வு.

இரண்டாம் முறையும் தோற்றால் பள்ளியில் பெயரை அடித்துவிடுவார்கள். அப்பாவும் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை, நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "இந்தத் தடவையும் வரலேன்னா போதும்மா. உன்னை இன்னொரு வருஷம் அழ வைக்க என்னால ஆகாது. வீட்லயே இரு." அக்கா அவர் உதட்டைப் படித்தாள். தலையாட்டினாள். அதற்குப் பிறகு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கெய்மர் பாலாடையும் பேரீச்சம்பாகும் அப்படியே திரும்பிப் போகிறது, அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தூக்கத்தில் அக்கா பல்லை நறநறவென்று கடிக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் கேட்கிறது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தை மட்டும் நான் அவளுக்கு எழுதிக் காட்டவில்லை.

மூக்குக்கண்ணாடி செய்யும் படிப்பில் சேர வேண்டும் என்பதுதான் அவள் ஆசை, தொழில்நுட்பக் கல்லூரியில். "காதுக்குத்தான் கண்ணாடி இல்ல, ஊர்க் கண்ணுக்காவது போட்டு விடறேன்" என்பாள். அதற்கு இயற்பியல் வேண்டும்.

இன்னொன்று. உஸ்தாத் விரலால் எழுத மாட்டார், எங்கள் பாடக் குரூப்பில் எதையும் வாய்ஸ் மெசேஜாகத்தான் பேசி அனுப்புவார். நான் கேட்டு உடனே அக்காவுக்கு எழுதிக் கொடுப்பேன். ஆனால் தேர்வு நாட்களில் காப்பியடிக்காமல் இருக்க விடிந்ததும் நாடு முழுக்க நெட்டை வெட்டிவிடுகிறார்கள். எதற்கு இதைச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அடிக்கடி ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

மற்றபடி எனக்குப் பயமெல்லாம் இல்லை. என் எழுத்தைப் படித்தவள் தோற்க முடியாது. நீ மட்டும் அங்கே தொழுகையில் அவள் பெயரைச் சொல். இரண்டு முறை சொல், ஒன்று வழியில் தொலைந்தாலும் ஒன்று போய்ச் சேரும்.

உன் அன்புத் தம்பி,
லைத்
(அதாவது சிங்கம்)

⁂

நாசிரியா,
சனிக்கிழமை

அன்புள்ள ஸர்மத் அண்ணாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ இருக்கும் இடத்தில் எழுந்து நின்று இந்தக் கடிதத்தைப் படி. எழுதுபவன் சாதாரண ஆள் இல்லை. கியா வண்டியின் கூரைமேல் ஏறி நின்று, போலீஸ் பார்க்க, ஊர் பார்க்க, சொந்த அக்காவைக் காப்பாற்றியவன். தெரு முழுக்க இதுதான் பேச்சு. அப்பா நேற்று எனக்குத் தனியாகக் கபாப் வாங்கி வந்தார். நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை விடிகாலை அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தேர்வு மையத்துக்குக் கிளம்பிவிட்டார். நான் எழுந்தபோது வீடு காலி, அம்மா தொழுகை விரிப்பில். போனை எடுத்தேன். நெட் போய்விட்டது. ஆனால் போவதற்குச் சற்று முன் குரூப்பில் ஒன்று வந்து இறங்கியிருந்தது, உஸ்தாத்தின் வாய்ஸ் மெசேஜ். குரலில் தூக்கமே இல்லை. "பிள்ளைங்களா, மன்னிச்சிடுங்க. மின்தேக்கிப் பாடத்துல நான் தலைகீழாச் சொல்லிட்டேன். தொடர் இணைப்புல மின்னூட்டம்தான் சமம். பக்க இணைப்புலதான் மின்னழுத்தம் சமம். நான் மாத்திச் சொல்லியிருக்கேன். யாரும் அதை எழுதிடாதீங்க. யாரும் எழுதிடாதீங்க."

மின்தேக்கி முதல் பாடம் அண்ணா. அதில் கேள்வி வராத ஆண்டே கிடையாது. உஸ்தாத் சொன்னதை வார்த்தை பிசகாமல் எழுதிப் படத்துக்கு அடியில் ஒட்டியவன் நான். கேட்டவனுக்கு அது காற்றோடு போயிருக்கும். அக்கா அதைப் படித்திருக்கிறாள், திரும்பத் திரும்ப.

அக்காவின் அறைக்கு ஓடினேன். மையத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். திரையில் அதே மெசேஜ். ஒரு முக்கோணம், பக்கத்தில் ஒரு அலைக்கோடு. அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். என்னவோ சொல்கிறார் என்று தெரிந்திருக்கிறது. நான் தூங்குகிறேன் என்று என்னை எழுப்பாமல் போயிருக்கிறாள்.

மின்தேக்கி மின்னூட்டத்தைத் தேக்குமாம், நான் அன்று தேக்கியது பயத்தை. சட்டையைப் பின்பக்கம் முன்னாகப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன், ஒரு கியாவுக்குள் பாய்ந்தேன். பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. வண்டிக்காரர் நிம்மதியாக டீ வாங்கிக் குடிக்கிறார். "மாமா, சீக்கிரம் போங்க, என் அக்கா பரீட்சை" என்றேன். "உங்கக்கா பரீட்சைன்னா நீ ஏண்டா ஓடற? அவதானே ஓடணும்" என்றார். இருந்தும் டீயைக் கீழே ஊற்றிவிட்டு நடைபாதைமேல் ஏற்றி ஓட்டினார். அல்லா அவருக்கு நல்ல டயர் கொடுக்கட்டும்.

மையத்தின் கேட் பூட்டியாகிவிட்டது. வெளியே அம்மாக்கள் கூட்டம், குர்ஆன் ஓதிக்கொண்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஆளாளுக்கு மகள் பெயரைக் கத்திக்கொண்டு. அப்பா வேலைக்குப் போய்விட்டிருந்தார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் முற்றத்தின் கடைசியில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஒவ்வொருத்தியையும் சோதித்து உள்ளே அனுப்புகிறார்கள். அக்காவின் நீலத் தலைத்துணி தெரிந்தது. அவளுக்கு முன்னால் கொஞ்சம் பேர்தான்.

அத்தனை அம்மாக்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், ஒரு பெண்ணுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத் தொண்டை எதற்கு? கியாவின் கூரைமேல் ஏறிவிட்டேன். வண்டிக்காரர், "டேய், பெயிண்டு!" என்று அலறினார். வரிசையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், அதைப் பார்த்து அக்காவும் திரும்பினாள். இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினேன். மின்தேக்கி. கொக்கி, மின்னூட்டம், சமம். சேர்ந்த விரல், மின்னழுத்தம், சமம். உஸ்தாத் சொன்னது தலைகீழ், தலைகீழ், தலைகீழ். வாள் வீசுவது போல் என் கைகள் சுழன்றன. அக்கா ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துகொண்டு, எனக்கு நன்றி சொல்லி நெஞ்சில் கை வைத்தாள். அப்படியே உள்ளே போனாள்.

கீழே யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். போலீஸ்.

"யாருக்குடா சிக்னல் குடுத்த?"

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது அண்ணா. அக்காவின் பெயரைச் சொன்னால் காப்பி என்று எழுதி அவளை வெளியே இழுத்துவிடுவார்கள். கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்பு சொன்னது காப்பியே இல்லை என்று யாரிடம் போய் வாதாடுவது? "யாருக்கும் இல்ல சார். ஈ ஓட்டினேன்" என்றேன்.

"ஈ ஓட்ட வண்டி மேலயா ஏறுவாங்க?"

"கீழ எல்லாம் கொசு சார்."

அவர் சிரிக்கவில்லை. கேட் பக்கத்துச் சாவடிக்குள் உட்கார வைத்தார். "எந்தப் பொண்ணுன்னு சொல்ற வரைக்கும் இங்கயே கிட" என்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது. கம்பிக்கு உள்ளே ஒரு பேனா விழுந்தால்கூடக் கேட்கும் போல அமைதி. ஒவ்வொரு முறை யாராவது கதவைத் திறந்து வெளியே வரும்போதும் அக்காவைத்தான் இழுத்துவருகிறார்கள் என்று என் உயிர் போய்ப் போய் வந்தது.

அப்போது உஸ்தாத் ஓடிவந்தார். கையில் அட்டை, அதில் கொட்டை எழுத்தில் திருத்தம். அனுப்பிவிட்டுப் படுத்தவருக்கு, அனுப்பியது குரல் என்று பிறகுதான் உறைத்திருக்கிறது. நேராக எங்கள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்திருக்கிறார். செருப்பு ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. "நான் உஸ்தாத் ஜவ்தத், அந்தப் பையனை விடுப்பா" என்றார்.

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உஸ்தாத் ஜவ்தத்கிட்ட நான் ரெண்டு வருஷம் படிச்சவன். அவர் மீசை எப்படி இருக்கும் தெரியுமா? யாரு நீ?"

ஊருக்கே தெரிந்த மனிதர், மீசை இல்லாததால் தன் மாணவனுக்கே தெரியவில்லை. உஸ்தாத் ஒரு நொடி மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வகுப்புக் குரலில் ஒரு போடு போட்டார்: "டேய், மூணாம் பெஞ்சு! அன்னிக்கும் உனக்கு ஈர்ப்பு விசை மண்டையில ஏறல, இன்னிக்கும் எதுவும் ஏறலயா?" போலீஸ்காரர் எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டார். எல்லாவற்றையும் கேட்டபின், தாள் கொடுப்பதற்கு முன்னால் நடந்ததுதானே என்று என்னை விட்டார், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். உஸ்தாத் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் அந்த அட்டையால் எனக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

அக்கா வெளியே வந்ததும் கூட்டத்தில் ஓடினேன். "அம்மா எங்க?" என்றுதான் முதலில் கேட்டாள், வீட்டில் என்றேன். மின்தேக்கிக் கேள்வி வந்ததா? வந்தது. சரியாக எழுதினாயா? எழுதினேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்பா கபாப் வாங்கினார். தெருப் பையன்கள் கியா கூரையை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், என் கால் தடம் அழுந்தியிருக்கிறது. கதை இவ்வளவுதான், உன் தம்பி சிங்கம்தான் என்று இங்கேயே கையெழுத்துப் போட்டு மடித்துவிட்டேன்.

மறுபடி பிரித்துவிட்டேன் அண்ணா.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ தெரியக் கூடாது. நேற்று மாலை அக்காவிடம் பெருமையாகக் கேட்டேன், இப்போதாவது பூனை மீசையை எடுத்துவிட்டுச் சிங்கம் வைப்பாயா என்று. "நீ அன்னிக்கு என்ன சொன்ன?" என்று கேட்டாள்.

அவளுக்கு ஒன்றுமே புரிந்திருக்கவில்லை. என் கைகள் வாள்போல் சுழலவில்லை, அப்படி நடுங்கியிருக்கின்றன. கொக்கியும் தெரியவில்லை, விரலும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது என் முகம் மட்டும். எங்கள் பேச்சில் பாதிக்கு மேல் முகம்தான் அண்ணா, உனக்குத் தெரியாதா. அந்த முகத்தைப் பார்த்தவள் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நெஞ்சில் கை வைத்தது நன்றிக்கு இல்லை. தாள் கைக்கு வந்த பிறகும் வெகுநேரம் அவளால் ஒரு வரி படிக்க முடியவில்லையாம். எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்று இரண்டு முறை பேனாவை மூடினாளாம். கடைசிக் கேள்விக்குப் பாதிதான் எழுதினாள், மணி அடித்துவிட்டது.

மின்தேக்கி? அது அவளுக்குத் தெரியும். பாடம் வந்த அன்றே தெரியும். புத்தகத்தோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள், தலைகீழாக இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். "அப்ப ஏன் சொல்லல?" என்றேன். "உஸ்தாத் தப்பாச் சொல்லுவாரா? நீதான் வழக்கம்போல எதோ தமாஷ் எழுதியிருக்கேன்னு நினைச்சேன். சிரிச்சிட்டு, சரியா எழுதிக்கிட்டேன்" என்றாள்.

ஆக, காப்பாற்றப் போன நான் அவளுடைய கடைசிக் கேள்வியைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். கபாப் வேறு.

இதைக் கேட்டு நான் உட்கார்ந்துவிட்டேன். கை மறுபடி நடுங்க ஆரம்பித்தது. அக்கா எதிரே உட்கார்ந்து, மின்தேக்கிக்குப் பிடிப்பது போல் என் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே நிறுத்தினாள். அப்புறம் இரண்டையும் சேர்த்து அமுக்கினாள். தகடு இரண்டும் தொட்டுவிட்டால் தேங்கியது எல்லாம் வடிந்துவிடும், முதல் பாடத்திலேயே இருக்கிறது. "போதுமான அளவு எழுதியிருக்கேன்னு நினைக்கிறேன்" என்றாள். நினைக்கிறேன் என்று சொல்லும்போது அவள் கை கொஞ்சம் ஆடியது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

உஸ்தாத் அந்தப் பாடத்தை மறுபடி எடுக்கப்போகிறார். இனிமேல் திருத்தம் எதையும் வாயால் மட்டும் அனுப்ப மாட்டாராம், மீசை இருந்த இடத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். நானும் பழைய வீடியோக்கள் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, என் தமாஷ் வரிகளை மஞ்சள் நிறத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வெள்ளையில் இருப்பது பாடம், மஞ்சளில் இருப்பது லைத். நிறம் தெரியாதவனுக்கு என்ன செய்வாய் என்று யக்தான் கேட்டான். வரிக்கு முன்னால் ஒரு பூனையும் வரைகிறேன்.

தேர்வு முடிவு வருகிற நாளில் நீ வந்துவிடு அண்ணா. மேலாளரிடம் வீட்டில் கல்யாணம் என்று சொல், காய்ச்சல் என்று சொல், என் மேல் பழியைப் போடு. முடிவை நான்தான் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். திறந்ததும் அவள் போனைப் பார்க்க மாட்டாள். என் முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த நேரத்தில் என் பின்னால் யாராவது நிற்க வேண்டும்.

அல்லா உன்னையும் அவளையும் காக்கட்டும்.

உன் தம்பி,
பூனை